வெயில் படாத முகம்

புதுசா சேந்திருக்க பிள்ளைகளா, ஊசி எப்படிப் போடுறது, கட்டு எப்படிக் கட்டுறதுன்னு நான் ஒங்களுக்குச் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் ஒங்க டீச்சரம்மாக என்னைய விட நல்லாவே சொல்லியிருப்பாக. நான் சொல்ல வந்தது வேற. முகத்தப் பாத்தே இது பெரிய வீடா, கூலி வீடான்னு சொல்லிருவேன்னு ஒரு நர்சு பீத்திக்கிட்டுத் திரிஞ்சா. அவ பீத்தல்ல ஒரு பொம்பளையோட உசுரு போகப் பாத்துச்சு. அந்தப் பீத்தக்காரி வேற யாருமில்ல, நாந்தான்.

எழுபதுகள்ல நடந்த கதை. போடியில ஒரு டாக்டரம்மா சொந்தமா ஆஸ்பத்திரி நடத்துனாக. பேரு வேணாம், அவுக போய்ச் சேந்துட்டாக, கட்டடத்தையும் இடிச்சாச்சு. பத்துக் கட்டிலு, ஒரு பிரசவ ரூமு, ஒரு சின்ன லேபு. வாசல்ல ஒரு மேசையப் போட்டு என்னைய உக்கார வச்சிருந்தாக. வர்றவுகளுக்குச் சீட்டு எழுதணும், என்ன செய்யுதுன்னு கேக்கணும், வரிசைப்படி உள்ள அனுப்பணும். அம்புட்டுத்தான் சோலி. ஆனா அந்த மேசைக்குப் பின்னாடி உக்காந்துட்டேன்னா கலெக்டருக்குக் கூட அந்த மெதப்பு இருந்திருக்காது.

மேசைக்கு இந்தப் பக்கம் மூணு எடம் உண்டு. மொத எடம், உள்ள ஃபேனுக்கு அடியில மூணு பெரம்பு நாக்காலி. அது பெரிய வீட்டு ஆளுகளுக்கு. ரெண்டாவது, வராந்தாவுல நீளமா ஒரு பெஞ்சு. அது கடைக்காரவுக, வாத்தியாருக, தாலுகா ஆபீசுக்காரவுகளுக்கு. மூணாவது வெளிய புங்கமரத்தடி. மிச்சம் இருக்கவுக எல்லாரும் அங்கதான். இப்படிப் பிரிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. எனக்கு முன்னாடி இருந்த நர்சு அப்படிப் பிரிச்சா, நானும் பிரிச்சேன். வந்த சனமும் எதுத்து ஒரு வார்த்தை கேக்கல. கை காட்டுன எடத்துல போய் உக்காந்துச்சு.

இதுல ஒரு வழக்கத்த நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும், ஏன்னா பின்னாடி வர்ற வம்பெல்லாம் அதுல இருந்துதான். பெஞ்சும் மரத்தடியும் டோக்கன் வரிசையில உள்ள போகும். நாக்காலிக்காரவுகளுக்கு டோக்கன் கெடையாது. அவுகளக் கூட்டத்தோட கூட்டமா இடிச்சுத் தள்ளி உள்ள அனுப்புறது மரியாதையில்லன்னு, கூட்டமெல்லாம் கலைஞ்ச பெறகு, நிதானமா, தனியா அனுப்பி வைப்பேன். டாக்டரம்மாவும் அப்ப ஒரு காப்பியக் குடிச்சுட்டு அவுக கிட்ட நாலு வார்த்தை கூடுதலாப் பேசுவாக. அவசரம்னா முந்தி அனுப்புவேன். ஆனா பெரிய வீட்டு அவசரம் சத்தமா வரும், காரு வரும், கணக்குப்பிள்ளை ஓடி வருவாரு. சத்தமில்லாம வந்து நாக்காலியில உக்காந்தா அவசரமில்லன்னு அர்த்தம். இப்படி ஒரு சட்டத்த நானே போட்டு வச்சிருந்தேன்.

சேலையப் பாத்துப் பிரிச்சேன்னு நெனைக்காதீக. சேல துணியெல்லாம் இரவல் வாங்கிரலாம், மூஞ்சிய யாரும் இரவல் வாங்க முடியாதுன்னு வியாக்கியானம் வேற பேசுவேன். நெத்தியப் பாப்பேன். துண்டு கட்டுன எடத்துல ஒரு நெறம், கட்டாத எடத்துல ஒரு நெறம்னு இருந்தா மரத்தடி. வெயில்ல சுருக்கிச் சுருக்கிக் கண்ணோரத்துல கோடு விழுந்திருந்தா மரத்தடி. ஒதடு வெடிச்சிருந்தா மரத்தடி. கன்னம் மொழுமொழுன்னு, தோலு வெளுத்து, கண்ணுக்கு நேரா பாத்துப் பேசுனா நாக்காலி. அதுலயும் பொம்பளைகன்னா எனக்குச் சந்தேகமே வராது. எங்க ஊருல பெரிய வீட்டுப் பொம்பளைக பகல்ல தெருவுல கால் வைக்க மாட்டாக. வெயில் படாத முகமுன்னா அது வசதியான முகம். இதுல என்னத்தத் தப்ப முடியும்?

தப்புச்சு. நல்லாவே தப்புச்சு.

ஒரு நாள் ஒரு ஆளு வந்தாரு. எலுமிச்சம்பழ நெறம், மடிப்பு விழுந்த ரெட்டைத் தாடை, நெத்தி எண்ணெ தேச்ச மாதிரி மின்னுது. நான் எந்திரிச்சு, "வாங்கய்யா, உள்ள வாங்கய்யா"ன்னு நாக்காலியில உக்கார வச்சேன். டாக்டரம்மா வீட்டுல இருந்து ஒரு காப்பி கூட வரவழைச்சுக் குடுத்தேன். அவரு ரெண்டு மூணு தடவ எந்திரிக்கப் பாத்தாரு. "அட உக்காருங்கய்யா, கூட்டம் கலையட்டும்"னு நான் விடல. மணி பன்னெண்டாச்சு. மனுசன் நெளியுறாரு, வேர்த்து வழியுறாரு. கடைசியில கையெடுத்துக் கும்புட்டுட்டு, "அம்மா, கல்யாண மண்டபத்துல சாம்பாருக்குப் பருப்பு போட்டுட்டு வந்திருக்கேன். முழங்கையில சுட்டுக்கிட்டேன், ஒரு மருந்து தடவிவிட்டா ஓடிப்போயிருவேன். நீங்க என்னடான்னா காப்பி குடுத்துப் பிடிச்சு வச்சிருக்கீக"ன்னாரு. கல்யாண வீட்டுச் சமையக்காரரு. நெய்யும் அடுப்புப் பொகையும் குடுத்த மினுமினுப்பு அது. அன்னைக்கு ஏதோ ஒரு மாப்பிள்ளை வீட்டுப் பந்தி என்னால தாமசமாச்சு.

இன்னொரு நாள் சிலமலையில இருந்து ஒரு பெரியவரு. கரிக்கட்டை நெறம், கன்னம் ரெண்டும் ஒட்டி, ஒதடு பாளம் பாளமா வெடிச்சிருக்கு. மரத்தடியக் காட்டுனேன். ரெண்டு மணி நேரம் அங்க குத்த வச்சு, பக்கத்துல இருந்த ஆள்கிட்ட கடலை வெளைச்சலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு. டாக்டரம்மா எதுக்கோ வெளிய வந்தவுக பதறிப் போயி, "அண்ணே, நீங்க ஏண்ணே இங்க இருக்கீக"ன்னு ஓடுனாக. ஆஸ்பத்திரிக் கட்டடமே அவரோடது. நாங்க நிக்கிற தரையே அவரு தரை. அவரு அசையல. "உள்ள உங்க ஃபேன் டகடகன்னு சத்தம் போடுது ஆத்தா, மரத்தடிதான் சொகம்"னுட்டாரு.

இந்த ரெண்டு அடிக்கப்புறம் எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரல. சமையக்காரரு ஒரு விதிவிலக்கு, சிலமலைக்காரரு ஒரு விதிவிலக்குன்னு ஒதுக்கி வச்சுட்டேன். தான் கெட்டிக்காரின்னு நம்புறவளுக்குத் தப்பெல்லாம் விதிவிலக்காத்தான் தெரியும். நீங்களும் ஒங்க சர்வீசுல இதப் பண்ணுவீக, பண்ணும்போது என்னைய நெனச்சுக்கங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

ஐப்பசி மாசம். மழை விட்டு விட்டுப் பேயுது, ஊரு பூரா காச்சல். காலையில எட்டு மணிக்கே பெஞ்சு நெறஞ்சு, மரத்தடியில கொடையும் சாக்குமா சனம் நிக்குது. ஒம்போது மணி வாக்குல மலையில இருந்து எறங்குன எஸ்டேட்டு ஜீப்பு ஒண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு. முன் சீட்டுல இருந்து ஒரு பொம்பளை எறங்குனா. பின்னாடி ஏலக்கா மூட்டைக நடுவுல இருந்து கறுத்து மெலிஞ்ச ஒரு ஆளு, கையில ஒரு வயர் கூடையோட குதிச்சு எறங்கி, அவளுக்குக் கொடை பிடிச்சான்.

நான் அவ முகத்தப் பாத்தேன். அப்படி ஒரு வெள்ளை. மெழுகுல செஞ்ச மாதிரி. கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு எறப்பை கனத்து, பாதி மூடுன மாதிரி ஒரு பார்வை. வெயிலு தொட்டதே இல்லங்குற தோலு. சேலையும் நல்ல சேலதான். என்ன செய்யுதும்மான்னு கேட்டேன். பதில் இல்ல. என்னைய நேரா ஒரு பார்வை பாத்தா, லேசா கைய அசைச்சா. எம்மனசுக்குள்ள என்ன தோணுச்சுன்னு மறைக்காமச் சொல்றேன். என்னா திமிரு, மொதலாளி வீடுன்னா இப்படித்தான், நர்சுகிட்டயெல்லாம் வாயத் தொறப்பாகளான்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே எந்திரிச்சு நாக்காலியத் தொடச்சும் போட்டேன்.

கூட வந்தவன், "கால் ரெண்டும் வீங்கிப்போச்சுங்கம்மா, மூச்சு"ன்னு ஆரம்பிச்சான்.

"அத அம்மா டாக்டரம்மாகிட்டச் சொல்லிக்கிருவாக. நீ போயி ஜீப்புகிட்ட நில்லுப்பா. இங்க கூட்டமா இருக்கு."

"இல்லங்கம்மா, அவளுக்கு..."

"சொன்னாக் கேளுப்பா. ஈரக் காலோட உள்ள வராத."

"சரிங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டான். அவன் 'அவளுக்கு'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. வேலக்காரப் பயலுக்கு மட்டு மரியாதை தெரியலயேன்னு அதுக்கும் சேத்துக் கோவம்தான் வந்துச்சு. அது அவ புருசன். அந்த நெனப்பு எனக்கு ஒரு நொடி கூட வரல.

நடுவுல ரெண்டு தடவ அவன் வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாத்தான். ரெண்டு தடவையும் கையக் காட்டி வெரட்டுனேன். அவ நாக்காலிக் கையப் பிடிச்சுக்கிட்டு, முன்னால குனிஞ்சாப்புல உக்காந்திருந்தா. ஒருக்கா தண்ணி கேட்டு விரலக் காட்டுனா, குடுத்தேன். அதையும் பெரிய மனுசத்தனம்னுதான் எடுத்துக்கிட்டேன். டோக்கன் ஓடுது. பதிமூணு, பதினாலு, இருவது. காச்சக்காரப் பிள்ளைக, சொறி சிரங்கு, ஒருத்தனுக்கு மூக்குல புளியங்கொட்டை. எல்லாரும் அவளத் தாண்டி உள்ள போறாக, வர்றாக. அவ மரியாதையா உக்காந்திருக்கா.

பதினொரு மணிக்கு எங்க லேபுக்காரர் அந்தப் பக்கமா வந்தாரு. எனக்கு ஒத்த வயசு. வாயத் தொறந்தா நக்கல். ஆனா சோலின்னு வந்தா ஆளு வேற. அவரு நாக்காலிகிட்ட நின்னாரு.

"சிஸ்டர், யாரு இவுக?"

"மேல ஏதோ எஸ்டேட்டு மொதலாளி வீடு போல. கலரப் பாக்கலியா?" எனக்கு என்னமோ நானே பெத்து வளத்த மாதிரி பெருமை.

அவரு அவ முன்னாடி குத்த வச்சு, கட்ட விரலால கண்ணோட கீழ் எறப்பைய இழுத்துப் பாத்தாரு. பெறகு அவ கைய எடுத்து நகத்தப் பாத்தாரு. பெறகு என்னையப் பாத்தாரு.

"இது கலரு இல்ல சிஸ்டர். ரத்தம் இல்ல. ஒடம்புல ஒரு சொட்டு இல்ல."

நான் குனிஞ்சு பாத்தேன். எறப்பைக்கு உள்பக்கம் செவப்பா இருக்கணும்ல. இவளுக்கு இட்டிலி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ஒதடு, நாக்கு, நகம் எல்லாம் அதே வெள்ளை. வசதின்னு நெனச்ச கன்னம் வீக்கம். திமிருன்னு நெனச்சது மூச்சு வாங்க முடியாத தெணறல். பேச நெனச்சாலும் அவளுக்கு மூச்சு பத்தல. நான் இன்னும் குனிஞ்சபடிதான் நிக்கிறேன், அவ அப்படியே சரிஞ்சு என் தோள்ல சாஞ்சா.

கட்டில்ல போட்டோம். டாக்டரம்மா ஓடி வந்து நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு, "எப்ப வந்தா?"ன்னாக. ஒம்போது மணின்னேன். ரத்தம் எடுத்து லேபுல பாத்தா ஹீமோகுளோபின் மூணு கிராம். நல்லா இருக்க பொம்பளைக்குப் பன்னெண்டு இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். இருதயம் வெறும் தண்ணியத் தள்ளித் தள்ளி ஓஞ்சுபோயி, நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சு.

புருசன உள்ள கூப்பிட்டேன். அப்பத்தான் அவன் புருசன்னு தெரியும். அவ பேரு பேச்சியம்மா. ஏலக்காட்டுல களை எடுக்குறவ, பழம் எடுக்குறவ. லயத்துல, அதான் எஸ்டேட்டுக் கூலிக்காரவுக வரிசை வீட்டுல குடியிருப்பு, ரெண்டு பிள்ளைகளப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்காக. பின்னாடி மூட்டையோட உக்காந்தா மூச்சு நின்னுரும்னு பயந்து டிரைவரு முன் சீட்டக் குடுத்திருக்காரு. சேல லயத்துல யாரோ ஒருத்தியோடது. ஏலக்காடு எப்படி இருக்கும்னு பாத்திருக்கீகளா? மேல பெரிய மரம், அடியில ஏலம், அதுக்கும் அடியில இவுக. வருசம் பூரா நெழலு, மஞ்சு மூட்டம், அட்டை. வெயிலே கெடையாது. ஈர மண்ணுல செருப்பில்லாம நின்னு நின்னு, கால் வழியா கொக்கிப்புழு ஏறி, உள்ள இருந்து ரத்தத்தக் குடிக்கும். வெயில் படாத முகத்துல ரெண்டு வகை இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வெயிலுக்கு வர அவசியமில்லாதவுக ஒண்ணு, வெயிலப் பாக்க விதியில்லாதவுக இன்னொண்ணு. போடியிலயே பொறந்து, தெனம் அந்த மலையப் பாத்துக்கிட்டே பல்லு விளக்குனவ நான். எனக்கு இது தெரியல.

மதுரைக்கு அனுப்பலாமான்னு டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை. ஜீப்பும் வாசல்லதான் நிக்குது. ரெண்டு நிமிசம் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. பெறகு, "ஆண்டிபட்டி கணவாயத் தாண்ட மாட்டா. இங்கயே பாப்போம். ரத்தம் வேணும், வெரசா. ஆனா ஏத்துறது மட்டும் சொட்டுச் சொட்டா. அவசரப்பட்டு ஏத்துனா அதுவே அவளக் கொன்னுரும்"னாக. சாகக் கெடக்குறவளுக்கு மெதுவாத்தான் குடுக்கணும்னு முடிவெடுக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும் பிள்ளைகளா. அந்தத் தைரியத்த நான் வேற எங்கயும் அதிகமாப் பாத்ததில்ல.

ரத்தம் யாருகிட்ட எடுக்குறது? புருசன் கைய நீட்டுனான். லேபுக்காரர் அவன் கண்ணையும் இழுத்துப் பாத்துட்டு, "ஒனக்கே நாலு பாட்டில் ஏத்தணும்ப்பா, தள்ளு"ன்னுட்டாரு. நான் வெளிய ஓடுனேன். ஓடிப்போயி என்ன செஞ்சேன் தெரியுமா? மறுபடியும் மூஞ்சியப் பாத்தேன். பெஞ்சுல ஒருத்தரு, ஜவுளிக் கடைக்காரரு, தக்காளிப் பழம் மாதிரி கன்னம், பீமன் மாதிரி தோளு. இவருதான் சரியான ஆளுன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அவரும் பத்துப் பேரு பாக்க நெஞ்ச நிமுத்திக்கிட்டு வந்தாரு. லேபுல ஊசியக் கண்ணால பாத்தாரு, அம்புட்டுத்தான், வேரோட சாஞ்சுட்டாரு. அவர எழுப்பி உக்கார வைக்க ரெண்டு ஆளு.

லேபுக்காரர் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "சிஸ்டர், ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு யாரு மூஞ்சியையும் பாக்காதீக"ன்னாரு.

அவரே மரத்தடிக்குப் போயி, வரிசையா எல்லாரு கண்ணையும் இழுத்து இழுத்துப் பாத்தாரு. சனம் என்னமோ ஊருல கண்ணு நோவு பரவுது போலன்னு நெனச்சு, அவரு போகாத எடத்துல இருந்தெல்லாம் ஓடி வந்து கண்ணக் காட்டுது. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, வந்ததுக்கு அழுகையும் வந்துச்சு. கடைசியில ஒருத்தியக் கூட்டிட்டு வந்தாரு. தேவாரம் ஊருக்காரி, நாப்பது வயசிருக்கும், கறுத்து ஒடிசலா, வெறகுக் கம்பு மாதிரி. புருசனுக்குக் கையில மாவுக்கட்டு பிரிக்க வந்தவ. நானா இருந்தா ஏழு சென்மத்துக்கும் அவளத் தொட்டிருக்க மாட்டேன். அவ எறப்பை உள்ள மாதுளம்பழமா இருந்துச்சு. ரத்த வகையும் பொருந்துச்சு.

"எம்புட்டும் எடுத்துக்கங்க. வெரசா விட்ருங்க, வீட்டுல மாடு கத்தும்"னா. எடுத்து முடிச்சதும் ஒரு டம்ளரு காப்பியக் குடிச்சுட்டு, அவ எந்திரிச்சு நடந்தா. கட்டுப் பிரிச்ச புருசன்தான் அவ தோளப் பிடிச்சுக்கிட்டுப் போனான்.

பகல் பூரா நான் பேச்சியம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து சொட்டு எண்ணுனேன். ஒரு சொட்டு விழும், அடுத்த சொட்டு விழுறதுக்குள்ள எனக்கு ஒரு ஆயுசு போகும். நீர் பிரியுற ஊசி போட்டு, நாடியப் பிடிச்சு, மூச்ச எண்ணி எழுதிக்கிட்டே இருக்கேன். பொய் சொல்ல மாட்டேன், நான் கும்புட்டது அவளுக்காக இல்ல. இவ செத்துட்டா நான்தான் கொன்னேன்னு ஆயிரும், ஆத்தா என்னையக் காப்பாத்துன்னுதான் கும்புட்டேன். அப்படி ஒரு சுயநலம் பிடிச்ச கும்புடு.

புருசன் கட்டில் கால் மாட்டுல நின்னான். உக்காருங்கன்னேன், உக்காரல. அவன்கிட்ட ஏதாவது சொல்லணும்னு எனக்கு வாயி பரபரங்குது. அவனே பேசுனான்.

"ஒங்களக் கும்புட்டுக்கிட்டேதாம்மா வெளிய நின்னேன். எங்கள மாதிரி ஆளுகளுக்கு யாரும்மா நாக்காலி போடுவாக? நீங்க போடவும், சரி, இவ நெலமை இவுகளுக்குப் புரிஞ்சிருச்சு, டாக்டரம்மா ஒடனே பாக்கப் போறாகன்னு நெனச்சுட்டேன். அதான் நீங்க போகச் சொன்னப்பவும் எதுத்துப் பேசல."

அவன் கொறையாச் சொல்லல, நன்றியாச் சொன்னான். என்னைய நாலு அறை அறைஞ்சிருந்தா கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்கு மூச்சுத் தெணறல் கொஞ்சம் எறங்குச்சு. கண்ணத் தொறந்து, "பிள்ளைக"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. டாக்டரம்மா நாடியப் பாத்துட்டு, "தாண்டிட்டா"ன்னாக. பெறகு என்னைய அவுக ரூமுக்குக் கூப்பிட்டு, "ரெண்டு மணி நேரம் ஏன் வெளிய வச்ச?"ன்னு கேட்டாக.

நான் நாக்காலிக் கதையப் பூராவும் சொன்னேன். யாரு எங்க உக்காருவாக, யாரு எப்ப உள்ள வருவாக, எதையும் விடல. சோலி போச்சுன்னு முடிவு பண்ணித்தான் சொன்னேன்.

"கடைசியா வர்றவுகல்லாம் பட்டுச் சேலையா வர்றாகளேன்னு எனக்கும் தெரியும்டி. ஏன்னு நானும் கேக்கல. எனக்கும் அது சொகமா இருந்துச்சு"ன்னாக. வையாம விட்டது எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. மறுநாள் நாக்காலி மூணும் வார்டுக்குள்ள போயிருச்சு, நோயாளிக்குத் தொணைக்கு இருக்கவுக உக்கார. எல்லாருக்கும் டோக்கன். பேரு கேக்குறதுக்கு முந்தி கண்ணு எறப்பை, நாக்கு, நகம், மூச்சு. இந்த நாலையும் பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும்னு எனக்குச் சட்டம். சட்டத்தையும் சத்தியமாக் காப்பாத்துனேன். யாரு வந்தாலும் மொதல்ல கண்ண இழுத்துருவேன். பாங்கு மேனேஜரு ஒருத்தரு மருந்துக் கம்பெனிக் காலண்டரு கேக்க வந்து, கண்ணக் காட்டிட்டுப் போனாரு.

பேச்சியம்மா மூணு வாரம் இருந்தா. புழுவுக்கு மாத்திரை, ரத்தத்துக்கு ஊசி, ஈரலு, கீரை. வீக்கம் வடிஞ்சு, நடந்து போயி ஜீப்புல ஏறுனா. அன்னைக்கு எனக்கு லீவு, நான் பாக்கல.

இதோட நிறுத்தியிருந்தா நல்லாத்தான் இருக்கும். நர்சு திருந்திட்டா, சுபம்னு நீங்களும் எந்திரிச்சுப் போயிரலாம். ஆனா இன்னும் கொஞ்சம் இருக்கு.

ஆறேழு மாசம் கழிச்சு, சித்திரையோ வைகாசியோ. கூட்டம் கம்மி. ஒருத்தி இடுப்புல பிள்ளையோட வந்தா. மாநெறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு, கன்னத்து எலும்பு தெரியுது, ஒதடு காத்துல வெடிச்சிருக்கு, கண்ணோரத்துல கோடு. எறப்பைய இழுத்துப் பாத்தேன், நல்ல செவப்பு. நாக்கு, நகம், மூச்சு எல்லாம் சரி. பிள்ளைக்கு லேசா இருமல். நாலையும் பாத்தாச்சு, சட்டப்படி எல்லாம் முடிஞ்சது. டோக்கனக் குடுத்து, "அவசரம் ஒண்ணுமில்ல. போயி மரத்தடியில உக்காரு, கூப்பிடுறேன்"னேன்.

அவ போகாம என்னையப் பாத்துக்கிட்டே நின்னா.

"என்ன பாக்குற?"

"என்னையத் தெரியலியா நர்சம்மா? நான் பேச்சியம்மா."

எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. ஒரு பகல் பூரா பக்கத்துல உக்காந்து மூச்ச எண்ணுன பொம்பளை. நான் பாத்ததெல்லாம் அவ நோவோட முகம், இதுதான் அவளோட சொந்த முகம்.

அவ கோவிச்சுக்கல. பிள்ளைய அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. "சாகக் கெடந்தப்ப அம்மான்னு கூப்பிட்டு நாக்காலி போட்டீக. தேறி வந்தா மரத்தடியக் காட்டுறீக. நான் எப்படி இருந்தா ஒங்களுக்குத் தோதுப்படும் நர்சம்மா?"

அன்னைக்குப் பெஞ்சு காலியாத்தான் கெடந்துச்சு.